தண்ணீர் வருவதற்குள் பரண் ஒழிக்க

மாமனாருக்கு வருஷத் திவசம் முடிந்த மறுநாள் பரணில் ஏணி சாத்தினேன். சித்திரை பாதி. பாமணி ஆறு மணலாகக் கிடந்தது. பையன்கள் நடு ஆற்றில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேட்டூரை ஜூன் 12இல் திறந்தால், அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் பிரிந்து எங்கள் ஊருக்கு வரும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கணக்கு.

ஏன் அந்தக் கெடு என்றால், வறண்ட ஆறு எங்கள் ஊருக்குக் குப்பைத் தொட்டி. உடைந்த டியூப் லைட், மருந்து பாட்டில், பழைய மெத்தை எல்லாம் அங்கேதான் போகும். தண்ணீர் வந்ததும் ஒன்றும் இருக்காது, சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். எல்லாம் தெற்கே போய், கடைசியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் ஒதுங்குகிறது. என் பிறந்த வீடு அந்தக் கடைமடையில்தான். முதல் தண்ணீர் வரும் நாளில் மதகை அடைத்துக்கொண்டு நிற்கும் பாட்டில்களை என் அண்ணன் மூங்கில் கழியால் குத்திக் குத்தி எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். புகுந்த வீடு மேலே, பிறந்த வீடு கீழே. என் பரண் குப்பை என் அண்ணன் மதகில் போய் நிற்கக் கூடாது. அவ்வளவுதான் என் நியாயம்.

23 வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். அரிசி, பருப்பு, முட்டை எதுவும் இருப்புப் பதிவேட்டில் ஏறாமல் எனக்குத் தூக்கம் வராது. அதனால் பரணிலிருந்தும் மாட்டுக் கொட்டகையிலிருந்தும் இறங்கியதை அப்படியே ஒரு நோட்டில் எழுதினேன்:

எண்டோசல்பான் பூச்சி மருந்து டின் 1, கால்வாசி இருக்கிறது, அடியில் துரு.
பி.எச்.சி. என்கிற பூச்சி மருந்துப் பவுடர் பாக்கெட் 2, கட்டி தட்டியது.
எலி பேஸ்ட் ட்யூப் 1.
நெல் மூட்டைக்கு வைக்கிற மாத்திரை டப்பா 1. குலுக்கினால் சத்தம் வருகிறது, திறக்கவில்லை.
பிராந்தி பாட்டிலில் மஞ்சளாக ஏதோ ஒன்று.
கண்ணாடித் தெர்மாமீட்டர் 1.
இன்சுலின் ஊசி, ஒரு கண்ணாடி பாட்டில் நிறைய.
மாத்திரை, டானிக், ஒரு மஞ்சப்பை நிறைய.
டியூப் லைட் 6, சுருள் பல்பு 3.
இன்வெர்ட்டர் பேட்டரி 1. டார்ச் கட்டை, ரிமோட் செல் இரண்டு கைப்பிடி.
பெயின்ட் டப்பா 4, தின்னர் அரை பாட்டில்.
இன்ஜின் பழைய ஆயில் ஒரு கேன்.

நீங்களும் முதலில் எழுதுங்கள். எழுதும்போதுதான் எது எதோடு சேரக் கூடாது என்று கண்ணில் படும்.

கொளுத்தாதீர்கள். போகிக்குப் பழையதைக் கொளுத்துகிற பழக்கத்தில் பூச்சி மருந்துப் பாக்கெட்டையும் பெயின்ட் டப்பாவையும் சேர்த்துப் போட்டால், அந்தப் புகை முதலில் உங்கள் வீட்டு நெஞ்சுக்குள்தான் போகும். புதைக்காதீர்கள். டெல்டாவில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடுகிறது. கொல்லையில் புதைத்தது நாளைக்கு அடிபம்பில் வரும். சாக்கடையிலோ கக்கூசிலோ ஊற்றாதீர்கள், அதுவும் வாய்க்காலுக்குத்தான் வழி. இந்த மூன்றையும் விட்டால் வேறு என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஆயத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டேன். ரப்பர் கையுறை, மூடிய செருப்பு. வளையலைக் கழற்றி வைத்தேன், காரணம் பின்னால் வருகிறது. எல்லாவற்றையும் களத்தில், வெளிக்காற்றில் வைத்துத்தான் பிரித்தேன். கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்தாயிற்று, பேரனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியாயிற்று. முகக்கவசம் தூசியைத்தான் தடுக்கும், மருந்து நெடியைத் தடுக்காது. நெடி அடித்தால் தள்ளி நில்லுங்கள்.

முதலில் பூச்சி மருந்து, அதுதான் தலைவலி

பி.எச்.சி.க்கு 1997இலேயே தடை. எண்டோசல்பானை 2011இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. திமெட் குருணை என்று நாம் சொல்லும் ஃபோரேட், 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. மாமனார் எதையும் வீணாக்காதவர்; 'இருக்கட்டும், உதவும்' என்று பரணில் ஏற்றியது தடைக்கு மேல் தடை தாண்டி அங்கேயே இருந்திருக்கிறது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். தென்னை வேரில் ஊற்று, வண்டு சாகும். கதவு நிலையில் தடவு, கரையான் வராது. இரண்டும் வேண்டாம். தடை செய்த மருந்தைத் தீர்ப்பதற்காக அடிப்பதும், அதை வாய்க்காலில் கொட்டுவதும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியது இது. மூடியைத் திறக்காதீர்கள், மோந்து பார்க்காதீர்கள் (நம் ஆட்கள் எல்லாவற்றையும் மோந்து பார்ப்பார்கள்). வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். லேபிள்தான் அந்த மருந்துக்கு ஜாதகம். லேபிளில் சாய்சதுரமாக ஒரு கட்டம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் கடும் விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, அப்புறம் நீலம், பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. என் டின்னின் அடி துருப்பிடித்து ஒழுகத் தயாராக இருந்தது. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் வாளியில் நாலு விரல் உயரம் உமி கொட்டி, டின்னை நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் உமியைத் திணித்தேன். ஒழுகினாலும் உமி குடித்துக்கொள்ளும். உமி இல்லாத வீட்டில் காய்ந்த மணலோ மரத்தூளோ போதும். பவுடர் பாக்கெட்டைத் தட்டாமல், உதறாமல், அப்படியே ஒரு கனமான பைக்குள் நழுவவிட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டினேன்.

பரண் பலகையில் டின் இருந்த இடத்தில் வட்டமாகக் கறை. ஈரத்துணியை எடுக்கப் போன என்னை நானே நிறுத்திக்கொண்டேன். மருந்து சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவிய தண்ணீர் எங்கே போகும்? உமியோ மணலோ தூவி, ஊற விட்டு, அட்டையால் வழித்துப் பையில் போடுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, துணியையும் அதே பையில் போடுங்கள்.

எலி பேஸ்ட் ட்யூபைப் பார்த்தால் பல் துலக்கும் பேஸ்ட் மாதிரியே இருக்கிறது. அப்படி நினைத்துப் பிள்ளைகள் வாயில் வைத்துக்கொண்டது உண்டு. அதில் இருக்கிற மஞ்சள் பாஸ்பரஸுக்கு முறிவு மருந்தே கிடையாது. நெல் மூட்டைக்கு வைக்கிற மாத்திரை வேறு மாதிரி: ஈரம் பட்டால் விஷவாயு கக்கும். மூடிய அறையில் திறந்தால் ஆளையே சாய்த்துவிடும். தண்ணீரில் போட்டுக் கரைத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டையும் தனித்தனி டப்பாவில், காய்ந்த இடத்தில், வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். எலிக்கு நம் ஊர் மூங்கில் கிட்டியே போதும் என்பது என் கட்சி. தஞ்சாவூர் கிட்டி என்று பேர் வாங்கிய சாமான். வயலில் நட்டால் எலி மாட்டும், மிச்சம் மீதி என்று பரணில் ஏற ஒன்றும் இருக்காது.

பிராந்தி பாட்டிலில் இருந்தது என்னவென்று கடைசிவரை தெரியவில்லை. களைக்கொல்லியாக இருக்கலாம், வெறும் வேப்பெண்ணெயாகவும் இருக்கலாம். பெயர் தெரியாவிட்டால் ஆகக் கொடிய விஷம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். 'தெரியாது – விஷம்' என்று பெரிதாக எழுதி ஒட்டி வாளிக்குள் வைத்தேன். எல்லாவற்றையும் பழைய டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். பூட்டு குழந்தைகளுக்காக மட்டும் இல்லை. ஒரு நிமிஷத்து ஆத்திரத்தில் கை நீளுகிற இடத்தில் இது இருக்கக் கூடாது. எங்கள் பக்கத்து ஊர்களில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

யாராவது வாயில் வைத்துவிட்டால், மேலே கொட்டிக்கொண்டால், 108ஐக் கூப்பிடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவை லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். தில்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையம் 1800-116-117, இலவச எண்.

இது பழைய சரக்கு. இந்தப் போகத்துக்கு வாங்கும் மருந்தின் காலி பாட்டில் வேறு கதை. என் கொழுந்தன்தான் இப்போது சாகுபடி. பாட்டிலை மூன்று முறை அலசணும் என்றதும், "அண்ணி, மருந்து அடிக்கிறதே பெரிய பாடு, இதுல பாட்டிலைக் குளிப்பாட்டணுமா?" என்றார். "காசு குடுத்து வாங்குன மருந்து அடியில கெடக்கே தம்பி, அதை வாய்க்காலுக்கா வாங்குனீங்க?" என்று கேட்டேன். காசு என்றதும் கேட்டுக்கொண்டார். முறை இதுதான்: பாட்டிலை மருந்து அடிக்கிற ஸ்பிரேயர் டேங்கில் கவிழ்த்து, சொட்டு நிற்கும்வரை வடியவிடுங்கள். கால் பாட்டில் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, அரை நிமிஷம் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தடவை. மருந்து கலக்கும்போதே வயலில் செய்ய வேண்டும், வீட்டுக்கு வந்து வாய்க்கால் படியில் இல்லை. அப்புறம் அடியில் ஆணியால் ஓட்டை போடுங்கள். இல்லையென்றால் அந்த பாட்டில் மண்ணெண்ணெய்க்கோ குடிதண்ணீருக்கோ திரும்பி வந்துவிடும். டேங்க் கழுவிய தண்ணீரையும் அதே வயலில் தெளித்துவிடுங்கள். அறுப்பு முடிந்ததும் வாத்து மேய்க்கிறவர்கள் வருவார்கள். மருந்து கலந்த தண்ணீரில் அலகை விட்ட வாத்துக்கு வாய் கிடையாது, நமக்குத் தெரியவும் தெரியாது.

ஊசி

இது என் தப்பு, சொல்லித்தான் ஆக வேண்டும். மாமனாருக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் ஊசியைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டுவிட்டேன். குப்பை வாங்க வரும் தூய்மைக் காவலர் அக்கா பையை அமுக்கி வண்டியில் திணித்தபோது விரலில் ஏறிவிட்டது. அவர் திட்டவே இல்லை. விரலை வாயில் வைத்துச் சப்பினார். அதுவே தப்பு, எனக்கும் அப்போது தெரியாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும், எச்.ஐ.வி.க்கான தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். மறுநாள் நான் கூடவே போய் ரத்தம் சோதித்து வந்தோம். மாமனாருக்கு அப்படி ஒன்றும் இல்லைதான். அந்த அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? ரிசல்ட் வரும்வரை அவர் தூங்கவில்லை என்று பிறகுதான் சொன்னார்.

அதிலிருந்து எதைக் கட்டினாலும் அடுத்ததாக இதில் கை வைக்கப்போவது யார் என்று ஒரு தரம் நினைத்துக்கொள்கிறேன்.

ஊசிக்குக் கண்ணாடி பாட்டில் வேண்டாம், உடையும். தண்ணீர் பாட்டிலும் வேண்டாம், துளைக்கும். துணி துவைக்கும் திரவமோ பினாயிலோ வரும் கெட்டிக் கேன்தான் சரி. போட்ட கையோடு ஊசியை அதில் போடுங்கள். முக்கால் நிறைந்ததும் மூடியை இறுக்கி, டேப் சுற்றி, 'ஊசி' என்று எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் கேட்டுக் கொடுங்கள். அங்கே மருத்துவக் கழிவு தனியாகத்தான் போகிறது. பழைய கண்ணாடி பாட்டிலை நான் திறக்காமல் அப்படியே ஒரு கேனுக்குள் இறக்கிக் கொடுத்தேன்.

மாத்திரை சேருவதற்குக் காரணம் உண்டு. 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது, நல்ல விஷயம். டாக்டர் அளவை மாற்றினால் பழையது மஞ்சப்பைக்குள் போகிறது. மீந்ததைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுக்காதீர்கள். தனியாக வாங்கிக்கொள்ளும் இடம் இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லையா, அட்டையிலிருந்து பிரித்து, வடிகட்டிய டீத்தூளோடு கலந்து, பையில் போட்டு இறுக்கி, மக்காத குப்பையோடு கொடுங்கள். டானிக்கையும் அப்படியே டீத்தூளில் ஊற்றிக் குடிக்கவிடலாம். டீத்தூளோடு கிடந்தால் நாயும் தொடாது, ஆளும் பொறுக்க மாட்டார்கள். புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மாத்திரை, ஒட்டும் பட்டை ஆகியவை மட்டும் எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போக வேண்டும். மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் பம்பை நெருப்பில் போட்டால் வெடிக்கும்.

ரசம்

வளையலுக்கு வருகிறேன். என் மகள் ஆறாவது படிக்கும்போது தெர்மாமீட்டரை உதறுகிறேன் என்று கட்டில் விளிம்பில் தட்டி உடைத்துவிட்டாள். உள்ளே இருந்த பாதரசம் சிமென்ட் தரையில் வெள்ளி மணி மணியாக ஓடியது. இரண்டைத் தொட்டால் ஒன்றாகிறது, ஒன்றைத் தட்டினால் நாலாகிறது. அவள் கைதட்டினாள், எனக்கும் அழகாகத்தான் இருந்தது. வெறுங்கையால் கூட்டி அள்ளினேன். சாயங்காலம் பார்த்தால் வளையலில் ஒரு பக்கம் வெள்ளை. பத்தரிடம் கொண்டுபோனேன். "ரசம் பட்டிருக்கும்மா" என்று சொல்லி நெருப்பில் காட்டினார். ரசம் ஆவியாகி வளையல் மஞ்சளானது. அந்த ஆவிதான் விஷம் என்று அவருக்கும் தெரியாது, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது.

உடைந்தால் செய்ய வேண்டியது: பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள். நகையைக் கழற்றுங்கள். துடைப்பம் போடாதீர்கள், இன்னும் பொடிப்பொடியாகும். அறையை இருட்டாக்கி டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் ஒளிந்திருக்கும் மணியெல்லாம் மின்னும். கெட்டி அட்டையால் ஓரமாகத் தள்ளிச் சேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, மூடி போட்ட சின்ன பாட்டிலில் விடுங்கள். தூளுக்கு டேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள். சிரிஞ்சு, அட்டை, டேப் எல்லாம் ஒரே பையில். உடையாத தெர்மாமீட்டரைத் துணியில் சுற்றி பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்துவிட்டால் போதும்.

டியூப் லைட்டிலும் சுருள் பல்பிலும் இதே பாதரசம்தான், ரொம்பக் கொஞ்சம். எல்.இ.டி.யில் கிடையாது. புது டியூப் வந்த அட்டை உறையில் பழையதைச் செருகி வையுங்கள். உடைந்தால் கால் மணி நேரம் அறையை விட்டு வெளியே இருந்துவிட்டு, மேலே சொன்னபடியே அட்டையும் டேப்பும்.

மற்றவை

இன்வெர்ட்டர் பேட்டரியைச் சைக்கிளில் வரும் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். பத்து ரூபாய் கூடக் கிடைக்கலாம். ஆனால் உடைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு ஆசிட்டை எங்காவது ஊற்றிவிடுவார்கள். பேட்டரிக் கடையில் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக்கொள்வார்கள். ஆசிட் சிந்தினால் ஆப்பசோடா தூவுங்கள். செல்போன் பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ கூடாது. முனையில் டேப் ஒட்டி, மணல் போட்ட சட்டியில் வைத்து, போன் ரிப்பேர் கடையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். பொட்டு மாதிரி இருக்கும் சின்ன செல் குழந்தை வாயில் போனால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும், காத்திருக்காமல் ஓடுங்கள்.

பெயின்டில் மிச்சம் கொஞ்சமே என்றால், மணலைக் கொட்டிக் கிளறி, அடுப்பை விட்டுத் தள்ளி, வெளியே நிழலில் காயவிடுங்கள். கல்லானதும் குப்பையோடு போகலாம். தின்னரைக் காயவைக்காதீர்கள், மூடி இறுக்கித் தனியே. பழைய கதவைச் சுரண்டுவதாக இருந்தால் ஒரு வார்த்தை: வீட்டுப் பெயின்டில் ஈயத்தை 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் விடக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். கக்கூஸ் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பையில் வைக்காதீர்கள். சேர்ந்தால் குளோரின் வாயு. இன்ஜின் ஆயில் கேன் மெக்கானிக் கடைக்குப் போயிற்று. கொட்டகைக் கம்பத்துக்குப் பூசலாம் என்றார் கொழுந்தன், மாடு நக்கும் என்றேன்.

நோட்டில் ஏறாதது ஒன்று கொல்லையில் கிடந்தது. கஜா புயலில், 2018 நவம்பர் 16 அதிகாலையில், பறந்து உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சில வீடுகளில் அதை இடித்துப் பள்ளத்தில் கொட்டியிருக்கிறார்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. உடைக்காமல், வாளித் தண்ணீரால் நனைத்து, முழுத்துண்டாகத் தூக்கி, கனமான தார்ப்பாயில் சுற்றி வையுங்கள்.

சரி, யாரிடம் கொடுப்பது

2016 திடக்கழிவு விதியிலேயே வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாவது ரகம் தனியாக வந்துவிட்டது. காலி பூச்சி மருந்து டப்பா, பெயின்ட் டப்பா, டியூப் லைட், காலாவதி மருந்து, ஊசி, பேட்டரி எல்லாம் அதில் அடக்கம். வாங்கி வைக்கும் மையம் அமைப்பது உள்ளாட்சியின் வேலை என்றும் அதில் இருந்தது. அதனால் வண்டி வந்ததும் கேளுங்கள்: "இதைத் தனியா வாங்குவீங்களா?" வாங்குவார்கள் என்றால், எழுதி ஒட்டிய தனிப் பையில் கையில் கொடுங்கள். தொட்டியில் எறியாதீர்கள்.

நான் போன ஒரு அலுவலகத்தில், "இதையெல்லாமா தூக்கிட்டு வருவீங்க?" என்றார்கள். பூச்சி மருந்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, பட்டியலைத்தான் கொண்டுபோனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். டின்னோடு பஸ் ஏறாதீர்கள். இப்படிப்பட்ட சரக்கைப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, எங்களுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு வாளிக்காக யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். ஊரே சேர்ந்தால் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். மே 1 கிராம சபையில் எழுந்து, வருஷத்துக்கு ஒரு நாள், தண்ணீர் வருமுன், ஊர் முழுக்கச் சேகரிக்க வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதச் சொன்னேன். எழுதினார்கள். வேளாண் விரிவாக்க மையத்துக்கும் மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் நகல். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஒரு மனு, ரசீது வாங்கி நோட்டில் ஒட்டியாயிற்று.

ஜூன் 11 இறுதி இருப்பு: எண்டோசல்பான் டின் 1, பி.எச்.சி. பாக்கெட் 2, எலி பேஸ்ட் 1, மாத்திரை டப்பா 1, பெயர் தெரியாதது 1, தெர்மாமீட்டர் 1, தின்னர் அரை பாட்டில், ஆஸ்பெஸ்டாஸ் 5 துண்டு. மற்றதெல்லாம் பைசல்.

அன்றைக்கு ராத்திரி அண்ணனுக்குப் போன் செய்து, இந்த வருஷம் எங்கள் வீட்டு டின் எதுவும் உங்கள் மதகுக்கு வராது என்றேன்.

"மத்தவங்க வீட்டுது வருமேம்மா" என்றார். கழி புதுசாக வெட்டி வைத்திருக்கிறாராம்.